குருந்தக்கல்லும் மாமை நிறமும்

சென்ற ஆண்டு சித்திரைக் கடைசியில் ஒரு திருமணத்துக்காகக் கோவையில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. மணமகள் என் அண்ணன் மகள். நான் போய் இறங்கிய அன்று அவள் முகத்தைத் துப்பட்டாவால் பாதி மூடியபடி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "என்ன கண்ணு, வெயில்ல ரொம்ப அலைஞ்சியா?" என்றேன். "வெயில் இல்லீங்க சித்தப்பா, தோலை உரிச்சு உட்டாங்க, கருத்துப் போச்சுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. இரண்டு கன்னங்களிலும் உள்ளங்கை அளவுக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுகள் படர்ந்திருந்தன.

நடந்தது இதுதான். நிச்சயம் முடிந்த கையோடு தோழிகளின் பேச்சைக் கேட்டு நகரத்தில் ஓர் அழகுசிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறாள். முதலில் ஒரு கருவியால் முகத்தைத் தேய்த்திருக்கிறார்கள். பிறகு பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை கிளைக்காலிக் அமிலம் பூசி மேல்தோலை உரித்திருக்கிறார்கள். வெயிலில் போகக்கூடாது என்று சொன்னார்களாம். அழைப்பிதழ் வைக்கும் காலத்தில் கொங்குநாட்டில் எந்த மணப்பெண் வீட்டுக்குள் இருக்கமுடியும்? தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் ஸ்கூட்டரில் போய் வந்திருக்கிறாள். பிறகு பார்த்த தோல் மருத்துவர், தானாக மங்கிவிடும், ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். திருமணத்துக்கோ எட்டு நாள்தான் இருந்தது.

அந்த முதல் கருவியைப் பற்றி அவள் விவரித்ததுதான் எனக்குள் தங்கிவிட்டது. குழாய்முனை ஒன்று முகத்தின்மேல் மணலைவிட நுண்ணிய வெள்ளைத் தூளை வீசும், அதே குழாய் அந்தத் தூளையும் உதிர்ந்த தோலையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கொடுத்த துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் காட்டினாள். தூளின் பெயர் அலுமினியம் ஆக்சைடு படிகம் என்று போட்டிருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் தூளுக்குப் பதில் வைரத்துகள் பதித்த முனைகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நிலையத்தில் பழைய கருவியே இருந்திருக்கிறது.

அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. குருந்தம். குருவிந்தம் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கோரண்டம்' என்ற பெயர் இந்தத் தமிழ்ச்சொல்லிலிருந்து போனது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அது சிவப்பானால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். நிறமும் தெளிவும் இல்லாவிட்டால் சாணைக்கல். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் அதற்கு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குருந்தம் 9. சாதாரணப் படிகக்கல் 7தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து கிழக்கே எழுபது கிலோமீட்டருக்குள் சிவன்மலை இருக்கிறது. அங்குள்ள முருகன் கோவிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை அதில் வைப்பார்கள், பிறகு அந்தப் பொருளின் விலை ஏறுமா இறங்குமா என்று ஊரே பேசும். மலையின் அடியில் இருப்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1901இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் கோயம்புத்தூர் மாவட்டத்தின் இந்தச் 'சிவமலை வரிசை'ப் பாறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். குருந்தம் செறிந்த சயனைட் பாறைகள் அவை. பக்கத்திலேயே படியூர், கடல்நீர் நிறப் பச்சைக்கல் கிடைத்த ஊர். வடகிழக்கே சற்றுத் தள்ளி நொய்யல் கரையில் கொடுமணல்.

கொடுமணலில் 1985இலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் பிறரும் அகழாய்வு செய்தார்கள். அங்கே வெளிவந்தது ஒரு கல்மணிப் பட்டறை ஊர். பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம், அகேட் என்று பலவகைக் கற்கள், ஒவ்வொன்றும் வேலையின் வெவ்வேறு கட்டத்தில். பச்சைக்கல் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலையிலிருந்தும், படிகம் வெங்கமேட்டுப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கவேண்டும் என்று ராஜன் காட்டியிருக்கிறார். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று அழைத்துப் பாராட்டும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்களின் துணிபு. இந்தக் கற்களையெல்லாம் மெருகேற்ற அவற்றுக்குக் குறையாத கடினமுள்ள ஒரு தூள் வேண்டும். இந்தியச் சாணைக்காரர்கள் அண்மைக்காலம் வரை அரக்கோடு குருந்தத்தூளைக் குழைத்துச் செய்த வட்டில் கல்லைத் தீட்டினார்கள். கொடுமணல்காரர்களுக்கு அது கூப்பிடு தூரத்தில் கிடைத்தது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டில் இந்தியப் பச்சைக்கற்களைப் பற்றி எழுதும்போது, அவற்றை அறுபட்டையாகத் தீட்டுவது ஏன் என்று ஒரு காரணம் சொல்கிறார். பட்டை தீட்டாத பரப்பில் கல்லின் நிறம் மங்கிக் கிடக்கிறது, பட்டைகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது அந்த நிறம் உயிர்கொள்கிறது என்பது அவர் கருத்து. (பச்சைக்கல் இயற்கையிலேயே பட்டைகளோடுதான் விளைகிறது என்று சிலர் கருதுவதையும் அவர் குறிப்பிடுகிறார்.) தீட்டுவது நிறத்தை நீக்குவதற்காக என்று எந்தச் சாணைக்காரனும் நினைத்திருக்கமாட்டான்.

கல்லைத் துலக்குவதற்கும் உடம்பைக் கழுவுவதற்கும் பழந்தமிழில் ஒரே வினைச்சொல் இருந்தது. மண்ணுதல். நீராடுவது, கழுவுவது, பூசுவது, ஒப்பனை செய்வது எல்லாமே அதற்குள் அடங்கும். இந்தச் சொல் கல்லையும் உடலையும் ஒன்றாகத் தொடும் ஓர் இடம் புறநானூற்றின் 147ஆம் பாடல். பாடியவர் பெருங்குன்றூர்கிழார். பாடப்பட்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். பழனி மலையைச் சூழ்ந்த நாட்டின் தலைவன். கொங்கின் இருபத்துநான்கு நாடுகளில் ஒன்றாக எண்ணப்படும் வையாபுரி நாடு அது. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப் புத்தகம் நமக்குச் சொல்லித்தந்தது. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் போனவன் என்பதைப் பள்ளிப் புத்தகம் சொல்லவில்லை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பேசினார்கள். 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள். பெருங்குன்றூர்கிழார் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. நீ இன்று வீடு திரும்பினால், எண்ணெய் காணாத அவள் கூந்தல் துலக்கிய மணிபோல அழுக்கு நீங்கக் கழுவப்பெற்று மலர் சூடும், அதுவே எங்களுக்குப் பரிசில் என்கிறார்.

அழுக்கு இங்கே ஒரு பெண்ணின் உடலில் இருக்கிறது, குற்றம் வேறொருவனிடம். கழுவப்படுவது என்றால் ஒருவரால் கவனிக்கப்படுவது. இந்தப் பாடலை நான் பலமுறை படித்திருந்தும், அண்ணன் மகளின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அந்த உவமையின் எடை புரிந்தது. மணியைத் துலக்கினால் மணி தெரியும். அவளைக் கழுவினால் அவள் தெரிவாள். புலவர் அவளை வேறொருத்தியாக ஆக்கச் சொல்லவில்லை.

கொங்குநாட்டின் பெரிய காப்பியத்துக்கும் இந்தச் சொல் வேண்டியிருந்தது. விசயமங்கலத்துக் கொங்குவேள் இயற்றியது பெருங்கதை. முதலும் முடிவும் இல்லாமல் கிடைத்த அந்த நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். அதன் இலாவாண காண்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பகுதிகள்: ஆறாந்திங்கள் உடன்மயிர் களைந்தது, மண்ணுநீராட்டியது. முதலில் மயிர் களைவது, பின்னர் சடங்காக நீராட்டுவது. கொங்குத் திருமணங்களில் மணமகனுக்கு இன்றும் இதே வரிசைதான். இது காப்பியத்திலிருந்து சடங்குக்கு வந்ததா, சடங்கிலிருந்து காப்பியத்துக்குப் போனதா என்று கேட்டால், இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பேன்.

விசயமங்கலம் சமணர்களின் ஊர். பெருங்கதையும் சமணக் காப்பியம். திகம்பரத் துறவியின் அடிப்படை ஒழுக்கங்கள் இருபத்தெட்டில் நீராடாமை ஒன்று, மயிரைக் கையால் பறித்துக்கொள்வது மற்றொன்று. 'மலதாரி', அதாவது அழுக்கைத் தாங்கியவர், என்பது சமண முனிவர்களுக்கு உயர்ந்த பட்டமாகவே வழங்கியது. தோலின் அழுக்கையே தவத்தின் அணியாகக் கொண்ட சமயத்தைச் சேர்ந்த புலவர், அரசகுமாரியின் நீராட்டை அத்தனை ஆசையோடு விரித்து எழுதியிருக்கிறார். இளங்கோவும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறியிருக்கின்றன. துவர் என்பது பட்டை, காய், வேர்களின் துவர்ப்புச் சாறு. தோலை இறுக்கி, எண்ணெயை எடுக்கக்கூடியது. இன்றைய அழகு நிலையங்களில் புட்டியில் விற்கும் அஸ்ட்ரிஞ்சென்ட் அதுவேதான்.

காப்பியங்களின் பட்டியல் அரண்மனைக்கும் கணிகையர் வீதிக்கும் உரியது. ஊரார் எதைத் தேய்த்தார்கள்? கொங்குநாட்டில் அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் உண்டு: அரப்பு. உசிலை மரத்தின் இலை. எங்கள் பக்கம் ஊஞ்சமரம் என்பார்கள். தாவரவியலில் அல்பிசியா அமாரா. அமாரா என்றால் லத்தீனில் கசப்பு. மழை குறைந்த மேட்டுநிலத்தில், கரட்டில், ஆடுமாடு கடித்ததுபோக எஞ்சி நிற்கும் மரம். இலையை உருவி நிழலில் காயவைத்து உரலில் இடித்துச் சலித்தால் பச்சைத்தூள். இடிக்கிறவர்கள் தும்மித் தும்மியே ஓய்வார்கள். அதில் இருக்கும் சப்போனின் என்ற பொருள் நீரில் நுரைத்து எண்ணெயைப் பிரித்து எடுக்கும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதும் இதுதான். வடிகஞ்சியில் குழைத்து உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேய்த்தால் தலைக்குச் சோப்பு, உடம்புக்குத் தேய்ப்பு. இலைத்தூளின் சொரசொரப்பே இறந்த தோலை உருட்டி எடுத்துவிடும். பிடிவாதமான அழுக்குக்குப் பீர்க்கங்கூடு. குதிகாலுக்குச் செங்கல் துண்டு. முகத்துக்கு மட்டும் பயத்தமாவும் மஞ்சளும். முகத்தில் அரப்பு போடவிடமாட்டாள் எங்கள் அமுச்சி. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது என்பது ஒரு காரணம். "மூஞ்சித் தோலு பூவாட்டம், அதைய நெலத்தைக் கொத்தறாப்பல தேய்க்கப்படாது" என்பது இன்னொரு காரணம்.

மஞ்சளைப் பற்றிச் சொல்ல ஈரோடு இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு சுழலும் இரும்பு உருளைகளில் போட்டு உருட்டுவார்கள். ஒன்றோடொன்று உரசி மேல்தோலும் வேர்முடிச்சும் உதிர்ந்து விரலி பளபளவென்று வெளிவரும். பாலிஷ் போடுவது என்றே அதற்குப் பெயர். முகத்தைத் துலக்கப்போகும் மஞ்சளே முதலில் தன் தோலை உரித்துக்கொண்டுதான் சந்தைக்கு வருகிறது. தோல் போனால் நிறம் குறைவதில்லை, உள்ளே இருக்கும் நிறம் தெரிகிறது. சாணைக்காரனின் தத்துவம் இங்கேயும் செல்லுபடியாகிறது.

அமுச்சியைச் சொன்னேன். அவளுக்கு நாற்பது வயதில் கணவர் போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளைச் சீலை. அன்றோடு மஞ்சளும் போயிற்று. தை, மாசி மாதங்களில் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கல்லில் மஞ்சள் உரசித் தருவது அவள்தான். கை முழுக்க மஞ்சளாக இருக்கும். வேலை முடிந்ததும் சாம்பல் போட்டு அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், நிறம் போகும்வரை. முகத்தில் தவறியும் பட்டுவிடக்கூடாது. சிறுவயதில் எனக்கு அது விளையாட்டுபோலத் தெரிந்தது. பேகனின் மனைவியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கை.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். கொங்குத் திருமணத்தில் மணமகனுக்குச் சவரம் செய்து, சடங்குகளை முன்னின்று நடத்தி, கம்பர் பாடியதாக மரபு சொல்லும் மங்கல வாழ்த்தைப் பாடுபவர் நாவிதர். ஊர்வழக்கில் அவருக்குக் குடிமகன் என்று பெயர். அரசியல் சட்டம் நம் எல்லோரையும் குடிமகன்கள் ஆக்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் ஒரே ஒரு சாதியின் தோளில் இருந்தது. அவர் மனைவி மருத்துவச்சி. ஊரின் உடம்பு முழுக்க இவர்கள் இருவர் கைவழியாகத்தான் பிறந்தது, வளர்ந்தது, ஒப்பனை கொண்டது. 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வுசெய்த பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட நூலில் இந்த ஊழியச் சாதிகளின் இடத்தை நுணுக்கமாகப் பதிவுசெய்திருக்கிறார். அவர் தொட்டுத் தூய்மைசெய்த உடம்பு, அவர் போனபின், அவர் தொட்ட தீட்டுக்காக மறுபடி குளித்தது. அரப்பும் மஞ்சளும் இயற்கை, பாரம்பரியம் என்று இன்று உறைபோட்டு விற்கப்படும்போது அந்த இரண்டாவது குளியலையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலைநாட்டில் இதே வேலை மருத்துவர்களின் கைக்குப் போய்ச்சேர்ந்தது. புளித்த பாலில் குளித்த எகிப்திய அரசியின் கதையை விட்டுவிடுவோம். புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780இல் ஷீலே பிரித்தெடுத்தார் என்பது மட்டும் போதும். 1882இல் ஹாம்பர்க் நகரத் தோல்மருத்துவர் உன்னா, சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். 1905இல் குரோமேயர் என்ற ஜெர்மானியர் சுழலும் கருவிகளால் தோலைச் சுரண்டும் முறையைக் கொண்டுவந்தார். 1974இல் வான் ஸ்காட், ருயி யூ என்ற இருவர், மீன்செதில்போலத் தோல் உரியும் நோய்க்குப் பழ அமிலங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். செதில்கள் உதிர்ந்தன. நோயாளிக்காகக் கண்ட மருந்து இருபது ஆண்டுக்குள் நோயில்லாதவர்களின் முகத்துக்கு வந்துவிட்டது. குருந்தத்தூளை வீசும் கருவி 1980களின் நடுவில் இத்தாலியில் பிறந்தது. அதில் வருவது ஆலையில் செய்த தூள், சிவன்மலைக் கல் அல்ல. வேதியியல் ஒன்றே.

அந்தப் பழ அமிலங்களில் மிகச் சிறிய மூலக்கூறு கிளைக்காலிக் அமிலம், கரும்புச்சாற்றில் இருப்பது. இன்று விற்பது பெரும்பாலும் தொழிற்சாலைத் தயாரிப்பு என்றாலும், புட்டிகளில் கரும்புப் படம் போடத் தவறுவதில்லை. கோவைக்காரனுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் கரும்பு இனப்பெருக்க நிலையம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1912இல் தொடங்கியது. சார்ல்ஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாணல்போன்ற காட்டுக்கரும்போடு நல்ல கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205, 1918இல் வெளியாகி வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றியது. நிலையத்தை நிறுவியவர் பெயர் பார்பர் என்பதை, நாவிதரைப் பற்றி இத்தனை எழுதியபின், குறிப்பிடாமல் போக மனம்வரவில்லை.

அமிலமோ தூளோ, வேலை ஒன்றுதான். தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் கனம். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம். வயது ஏற ஏற இன்னும் தாமதம். தேய்ப்பதும் உரிப்பதும் இந்த உதிர்வை முடுக்கிவிடுகின்றன. சொரசொரப்பு போய் ஒளி சீராகத் திரும்புவதால் முகம் பளிச்சென்று தெரிகிறது. பருத்தழும்புக்கும் அடைபட்ட துளைகளுக்கும் இவை உண்மையிலேயே பயன்படுகின்றன, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிறத்தைச் செய்யும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உரிப்பு ஆழமாகிக் காயம் அவற்றை எட்டினால், அல்லது புண்பட்ட தோலில் வெயில் விழுந்தால், பழுப்புத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் கூடுதலாக நிறத்தைச் சுரக்கிறது. அண்ணன் மகளின் கன்னத்தில் இருந்தது அதுதான்.

1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல்களை வெயிலுக்கு எப்படி எதிர்வினை தருகின்றன என்பதை வைத்து வகைபிரித்தார். முதலில் அந்த அட்டவணை வெள்ளைத் தோலுக்கு மட்டுமே. பழுப்பும் கறுப்பும் பிற்பாடுதான் ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்க்கப்பட்டன. உன்னாவும் குரோமேயரும் கையாண்ட தோல்களும் ஐரோப்பியத் தோல்கள்தான். நம் தோல்மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். வாரக்கணக்கில் தோலைப் பக்குவப்படுத்தி, மென்மையான அமிலத்தில் தொடங்கி, நேரத்தை நொடிக்கணக்கில் பார்த்துச் செய்கிறார்கள். பக்குவத்துக்கு நேரமில்லாத அவசரம் கல்யாண வீடுகளில்தான் மிகுதி.

அதே 1975இல் இந்தியாவில் இன்னொன்றும் நடந்தது. ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு சந்தைக்கு வந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி 'குளோ' என்று மாற்றினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று தலைமுறைப் பெண்கள் கண்ணாடி பார்த்து முடித்திருந்தார்கள்.

பழந்தமிழில் தோல் நிறத்துக்கு இருந்த சொற்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பெண்ணின் அழகு நிறத்துக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம், செம்பும் கருமையும் கலந்த பளபளப்பு. தலைவன் பிரிந்தால் வரும் நோய் பசலை. தோல் வெளிறி, பொன்னிறம் படர்வது. பசலை மாமையைத் தின்னும் என்பதே அகக்கவிதையின் மீளாத் துயரம். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் பசலையையும் மாமையையும் ஐந்தே வரிகளுக்குள் எதிரெதிராக நிறுத்திவிடுகிறார். திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, நிறம் வெளுத்ததற்காகப் பத்துக் குறள் புலம்பல். தேமல், புள்ளி என்று இன்று நாம் களிம்பு தேடும் சங்கதிகளுக்குச் சுணங்கு, திதலை என்று பெயர். வேங்கைப் பூவின் தாது உதிர்ந்ததுபோல் என்று அவற்றை வியந்து பாடினார்கள். மருந்து கேட்கவில்லை.

அக்காலத்தார் நிறவேறுபாடு பார்க்காத உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. பொன்மேனியும் அக்கவிதைகளில் உண்டு. கழுவுவதும் துலக்குவதும் அன்றும் ஆசையோடுதான் நடந்தன. ஆனால் எதை மாசு என்றார்கள் என்பதில் எங்கோ ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. குருந்தம் அதே குருந்தம்தான். கொடுமணல்காரன் அதைக்கொண்டு கல்லின் மேல் இருந்த மங்கலை எடுத்தான். நாம் அதே தூளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் நிறத்தையே மாசு என்று தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் திருப்பத்துக்கு வெள்ளையர் ஆட்சியை மட்டும் காரணம் சொல்வது நமக்கு வசதியானது. நிழலில் இருந்தவன், வெயிலில் நின்றவன் என்ற பாகுபாடு இந்த மண்ணில் அதற்கு முன்பே இருந்தது. வயலில் நின்றவள் மாநிறத்தை யாரும் மாமை என்று பாடியதாக எனக்கு நினைவில்லை.

திருமணத்துக்கு முந்தைய நாள் அண்ணி எங்கிருந்தோ அரப்புத்தூள் வாங்கிவந்திருந்தாள். கடையில் உறைபோட்டு விற்பது. யாரும் இடிக்கவோ தும்மவோ இல்லை. முகத்துக்கு எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்று மருத்துவர் சொன்னதை நான் இரண்டு முறை நினைவூட்டினேன். எண்ணெய் வைத்துத் தலைக்கு அரப்பு தேய்த்துவிட்டது அண்ணனின் மாமியார். ஏழு ஆண்டுகளுக்குமுன் கணவரை இழந்தவர். சடங்கு என்றால் அவர் தொடக்கூடாது என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். "எனக்கு அமுச்சிதானுங்க தேய்ச்சு உடோணும்" என்று சொல்லிவிட்டாள் பெண். பச்சை நுரை வழிந்த தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால், அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஒப்பனைக்கு வந்த பெண் கன்னத்துத் திட்டுகளை அரைமணி நேரத்தில் மறைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் மங்கல வாழ்த்து முழுவதும் ஒலித்தது. பாடியவருக்கு எழுபது வயது இருக்கும். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில்தான் அமர்ந்தார். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். திருப்பூரில் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறானாம், குளிர்சாதனம் போட்டு. "மூஞ்சி தேய்க்கற மிசினு ஒண்ணு வாங்கியிருக்கானுங்க, ஒரு லட்சத்துக்கு மேல ஆச்சாம்" என்றார், ரசத்தைக் கையில் வாங்கியபடி.